பறங்கி அறைவீட்டின் மேற்குச் சுவர்

“…உந்தச் சுவரைக் கடலிலை இருந்து கண்டுதான் என்ரை பெடியன் கரை சேர்ந்தவன். வெள்ளை பூசினது நான். ஆரும் கூலிக்குப் பூசேல்லை. அதிலை கை வைக்கிறதெண்டால் முதல் என்னிலை வையுங்கோ, மேசனார்.”

திரேசம்மா இதைச் சொல்லும்போது சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கைகளில் சுண்ணாம்பு அரித்த புண் சிவந்து கிடந்தது. ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கடலுக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல். அவருக்கு எதிரில் நாங்கள் மூன்று பேர்: பங்குச் சுவாமி, வேலையை மேற்பார்க்கும் எங்கள் ஓவசியர், நான். என் கையில் சாந்து பூசும் சாந்தகப்பை இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் நாற்பது குடும்பம் பாய் விரித்துச் சோற்றுப் பெட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தது.

போன மாதம் இரண்டு எஞ்சினியர் பிள்ளைகள் அந்த வீட்டை அளந்து படம் கீறப் போனார்களாம். திரும்பும் வழியில், அதில் வேலை செய்த பழைய மேசன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ சொல்ல, என் படலைக்கு வந்தார்கள். “மூண்டு பக்கமும் நாலடிக்கு மேலை தடிப்பு. மேற்குச் சுவர் மட்டும் ஒன்பது அங்குலம். அது என்னண்டு?” என்று கேட்டார்கள். பழைய சுவர் ஒரு திருநாளன்று, காலைப் பாட்டுப் பூசை நடந்துகொண்டிருக்கும்போது விழுந்தது, பிறகு நாங்கள் இதைக் கட்டினோம் என்றேன். “விழேக்கை உள்ளுக்கை ஆரும் இருந்தவையோ?” என்றான் இரண்டு பேரில் இளையவன். நான் தலையை ஆட்டினேன். அது ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியவில்லை, திரும்பி வருகிறேன். “கால்லை சில்லுப் பூட்டியிருக்கோ?” என்று மனைவி கேட்கிறாள். எழுதினால் கால் ஓயுமோ என்று பார்க்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தெல்லிப்பழைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மிச்ச எழுத்தைக் கடைச் சரை சுற்றி வரும் கடதாசியில் படித்தேன். ஒரு கொத்தனாரிடம் கல் சுமந்தேன், பிறகு கல் அடுக்கினேன், பிறகு மற்றவன் அடுக்கியதில் பிழை பிடித்தேன். இவ்வளவுக்கும் பன்னிரண்டு வருடம். கிணறு கட்டியிருக்கிறேன், மதகு கட்டியிருக்கிறேன், கோவில் மதில் கட்டியிருக்கிறேன். முப்பதுகளின் தொடக்கத்தில் பட்டினத்துக் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் தலைமை மேசனாகச் சேர்ந்தேன். அங்கேதான் ஓவசியர் அருளப்பு வந்து வாய்த்தார்.

அவர் என்னைவிட ஏழு வயது இளையவர். சோதனை பாஸ் பண்ணி, சட்டைப் பையில் மடிப்பு அளவுகோலோடு வந்தவர். முதல் மாதம் முழுக்க எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவரோ என்னைக் ‘கந்தையா அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை ‘ஓவசியர் ஐயா’ என்பேன். வேலைக்கு வந்தால் அவர் மனிதருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னே சுவருக்குத்தான் சொல்லுவார். விரல் மொழியால் ஒரு தட்டு, காதை வைத்து இன்னொரு தட்டு. சுவரை ‘அது’ என்று சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ‘இவர்’ என்பார். “இவருக்கு உள்ளை வாய்வு” என்றால் பூச்சுக்குப் பின்னால் வெறுமை. “இவர் நல்ல நித்திரை” என்றால் தொடத் தேவையில்லை. கோபம் வந்தால் சத்தம் குறையும். அவர் சத்தமே இல்லாமல் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

கரையோரத்து ஊர் அது. பேர் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கச் சனம் பங்குச் சுவாமிமார் இருக்கும் வீட்டை அறைவீடு என்பார்கள். இந்த ஊர் அறைவீட்டைச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பறங்கி அறைவீடு என்றுதான் சொல்லும். பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கட்டியபோது அது சுவாமியாருக்கு வீடு, சண்டை வந்தால் கோட்டை. சதுரமாக, குட்டையாக, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. கீழறைக்கு யன்னல் இல்லை, துவக்கு நீட்ட நான்கு ஓட்டை மட்டும். வாசல் மேல்மாடியில், கீழறைக்கு உள்ளாலேயே இறங்க வேண்டும். ஏணி வைத்து ஏறி, ஏறியபின் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்களுக்குச் சுவாமியார் தேவையில்லை, சாமான் வைக்க இடம் தேவை. தெற்கே கல்லால் படிக்கட்டு ஏற்றினார்கள், வளைந்த பீலி ஓடு போட்டார்கள், வடக்கே தூண் நிறுத்தி விறாந்தை இறக்கினார்கள். கடல் உப்பு மேற்குச் சுவரைத் தின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். அதற்கும் என்னமோ செய்தார்கள், என்ன செய்தார்கள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. இங்கிலீசுக்காரர் காலத்தில் வீடு திரும்பவும் கோவிலுக்கு வந்தது. மேல்மாடியில் பெரிய யன்னல் வெட்டினார்கள். கீழறையை ஒருவரும் தொடவில்லை. “வெளியிலை சித்திரை, உள்ளுக்கை ஐப்பசி” என்று எங்கள் கல் வண்டிக்காரர் அந்த அறையைப் பற்றிச் சொன்னார். அதை நான் அன்றே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். நான் பணம் சேர்த்தவன் அல்ல. இப்படிக் கதைகளைத்தான் சேர்த்தேன்.

புதிதாக வந்த பங்குச் சுவாமிக்கு அந்தக் கீழறையில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று ஆசை. காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும். கிழக்கே கோவில் முட்டுகிறது, தெற்கே படிக்கட்டு, வடக்கே விறாந்தைத் தூண். மிஞ்சினது மேற்கு. அங்கே ஒரு வாசல் வெட்டித் தரச் சொன்னார்.

ஓவசியர் முதல் நாள் மேற்குச் சுவரைத் தட்டியபோது சுவாமி பக்கத்தில் நின்றார். “ஆரும் வீட்டிலை இருக்கினமோ?” என்று கேட்டுச் சிரித்தார். ஓவசியர் சிரிக்கவில்லை. “கன பேர் இருக்கினம் போலை, சுவாமி. ஒரு குரல் கேக்கேல்லை, ரண்டு கேக்குது” என்றார்.

சுவரில் வாசல் வெட்டுவது இடிப்பது போல அல்ல. மேலே இருக்கிற பாரத்தைக் கொஞ்ச நேரம் வேறொருவர் தலையில் மாற்றி வைத்துவிட்டுக் கீழே வேலை செய்ய வேண்டும். நாங்கள் செய்தது இப்படி. வாசல் வரப்போகிற இடத்துக்கு மேலே, முழத்துக்கு ஒன்றாகச் சுவரை ஊடுருவத் துளைத்தோம். ஒவ்வொரு துளையிலும் வைரம் பாய்ந்த பனங்குற்றி ஒன்றை, உள்ளேயும் வெளியேயும் நீட்டிக்கொண்டு நிற்கச் செருகினோம். நீட்டிய முனைகளுக்கு நிலத்திலிருந்து முட்டு. முட்டுக்கு அடியில் பலகை, பலகைக்கும் முட்டுக்கும் இடையில் ஒன்றுக்கொன்று எதிராகச் சோடி ஆப்பு. ஆப்பை உள்ளுக்கு நிற்கிறவனும் வெளியே நிற்கிறவனும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். ஒருவனை ஒருவன் பார்க்க முடியாது, ஆனபடியால் ஓவசியர் துவக்கு ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று எண்ணுவார். பாரம் மாறும்போது குற்றி ஒரு சின்ன முனகல் போடும். அதைக் கேட்டதும் “ஏத்துக்கொண்டார்” என்பார். அதற்குப் பிறகுதான் உளியைத் தொடலாம்.

உள்முகம் நல்ல முருகைக்கல், கடலில் வெட்டியது. ஒரு நாள் முழுக்கக் கொத்தினோம். மறுநாள் முழங்கை ஆழத்தில் என் உளி சட்டென்று வழுக்கி உள்ளே போனது. இழுத்தேன். பின்னாலேயே மணல் ஓடி வந்தது, எலி கடித்த அரிசிச் சாக்குப் போல. மணல், சிப்பி, உடைந்த முருகை, மீன் முள். ஓவசியர் கையை நீட்டி அதை வாங்கினார், மணந்து பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கதைத்தார்.

“அண்ணை, இது ஒரு சுவர் இல்லை. ரண்டு. உள்ளை பறங்கியின்ரை, வெளியிலை ஒல்லாந்தன்ரை. நடுவிலை கிடக்கிறது கடற்கரைக் குப்பை. ரண்டையும் சேத்துப் பிடிக்க ஒரு குறுக்குக் கல்லும் இல்லை.”

அதுதான் ஒல்லாந்தர் செய்த வைத்தியம். உப்புத் தின்ற சுவருக்கு வெளியே இன்னொரு சுவரை எழுப்பி, இடைவெளியைக் கையில் அகப்பட்டதால் நிரப்பி, மேலே வடிவாகப் பூசிவிட்டார்கள். அசைக்காமல் விட்டால் இன்னும் இருநூறு வருடம் நின்றிருக்கும். நாங்கள் அதன் அடிவயிற்றைத் திறந்துவிட்டோம்.

பக்கங்களைக் கல்லும் சாந்தும் வைத்து அடைத்தோம். குறுக்குக் கல் புதிதாகப் பூட்டினோம். மேலே தடித்த முதிரை மர உத்தரம் ஏற்றினோம். ஆனாலும் உத்தரத்துக்கும் பழைய கல்லுக்கும் நடுவே மணல் எங்கேயோ ஒரு நூல் வழி கண்டுபிடித்துவிட்டது. ஒவ்வொரு நாள் காலையிலும் வாசலடியில் ஒரு சின்னக் கும்பம் இருக்கும். ஒரு சிரட்டை, சில நாள் அதுவும் இல்லை. உத்தரத்தின் மூலையிலிருந்து வெளிமுகத்தில் ஒரு மயிர் விரிசலும் சரிந்து மேலே ஏறியது.

சுண்ணாம்புச் சாந்து இறுக மாதக்கணக்காகும். மாரி மழை முடியும்வரை முட்டுகள் நிற்க வேண்டும் என்றார் ஓவசியர். சுவாமி கையைப் பிசைந்தார். ஆவணியில் திருநாள். வெளியூர்ச் சனம் வந்து தங்குவது அந்தக் கீழறையில்தான். எந்தக் கரைக்கு, அதாவது எந்தக் கடலோர ஊர்ச் சனத்துக்கு, எந்த இடம் என்று முறை வகுத்து வைத்திருந்தார்கள். கீழறை திரேசம்மாவின் கரைக்காரருக்கு என்று விட்டது. முட்டுக்கால் காட்டுக்குள் எப்படிப் பாய் விரிப்பது? அதோடு திருநாள் பந்தலுக்கும் மரம் போதாது.

ஓவசியர் கடைசியில் ஓம் என்றார். ஓம் என்றதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், அந்தச் சுவாமிக்கு முன்னால் நின்று இல்லை என்று சொல்வது இலேசான காரியம் அல்ல. அவர் கெஞ்சமாட்டார், அதட்டவும் மாட்டார். இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாரும் என்று கண்ணால் சொல்லிக்கொண்டு நிற்பார். ஆனால் ஓவசியர் இரண்டு நிபந்தனை வைத்தார். வாசலடி மணலை நாள்தோறும் சிரட்டையால் அளக்க வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே சாட்சி வைக்க வேண்டும். சாட்சி என்றால் நான்கு விரல் நீளத்தில், நகத் தடிப்பில், ஒரு சாந்துப் பட்டி. சுவர் அசைந்தால் முதலில் அதுதான் வெடிக்கும். திருநாளுக்கு முதல் நாள் தானே வந்து பார்ப்பார். ஒன்று வெடித்திருந்தாலும் கீழறையில் ஒருவரும் தங்கக்கூடாது. சுவாமி சம்மதித்தார்.

“செங்கல் தூள் கலந்து வையுங்கோ, அண்ணை. சிவப்பாத் தெரியவேணும்” என்று சொல்லிவிட்டு ஓவசியர் வேறு வேலைக்குப் போனார்.

சிவப்பாகத்தான் முதலில் ஒன்று வைத்தேன். சுவாமி வந்து பார்த்தார். முகம் கோணியது. “மேசனார், திருநாள் வீட்டுக்கு அம்மை போட்ட மாதிரிக் கிடக்குது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எடு என்று சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். நான் சைவக்காரன், அவர் கோவில் கிணற்றில் முதல் வாளியை எனக்கு அள்ளித் தந்தவர். சாட்சிக்கு நிறம் எதற்கு, வைத்த எனக்கு இடம் தெரியாதா என்று நினைத்தேன். சிவப்பைச் சுரண்டிவிட்டு ஐந்து சாட்சியையும் வெள்ளைச் சாந்தில் வைத்தேன். கூடவே வடிவாக மட்டம் தட்டியும் விட்டேன். முட்டுகளைக் கழற்றிப் பந்தல்காரரிடம் கொடுத்தோம். மணலை அளக்கும்படி கோவில் மூப்பரிடம் ஒரு சிரட்டையைக் கொடுத்துவிட்டு, தங்கையின் மகளுக்குக் கலியாணம் என்று நான் ஐந்து நாள் ஊருக்குப் போனேன்.

கலியாண வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பந்தலடியில் இருந்தால் பந்தல் காலைத் தட்டிப் பார்க்கிறேன். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று அந்த முறை கொஞ்சம் பிந்தியும் பலமாக வீசியது, வடலிப் பனைகள் முழுக்கக் கிழக்கே சாய்ந்து நின்றன. அந்தக் காற்று நேராகப் போய் அடிக்கிறது எந்தச் சுவரில் என்று எனக்குத் தெரியும். “பொம்பிளைக்கு அப்பன் நீயோ?” என்று மச்சான் கேட்டான்.

திருநாளுக்கு முதல் நாள் மத்தியானம் ஓவசியரும் நானும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். சந்தியிலிருந்து மணலில் நடந்தோம். பனைகளுக்கு நடுவால் அறைவீடு தெரிந்தது. ஓவசியர் நின்றுவிட்டார். மேற்குச் சுவர் பால் மாதிரி வெள்ளை. மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல் இல்லை, ஒரு மேடு பள்ளம் இல்லை.

கிட்டப் போனோம். அவர் சுவரைத் தட்டவில்லை. என்னைப் பார்த்து, சத்தமே இல்லாமல் கேட்டார்: “அண்ணை, எங்கை எங்கடை சாட்சியள்?”

நான் இடத்தைக் காட்டப் போனேன். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அடையாளம் வைத்திருந்த விரிசலே இல்லை. பிழை என்னுடையது என்று சொன்னேன். சிவப்பு, வெள்ளை, அம்மை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு வாசலடியைக் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு பருக்கை மணல் இல்லை. விளக்குமாற்றுக் கோடு மட்டும் இருந்தது. மூப்பரைத் தேடினால், சிரட்டையைப் பந்தலில் எங்கேயோ வைத்துவிட்டேன் என்கிறார். திருநாள் அவசரத்தில் அளக்க ஆள் ஏது?

அதற்குள் உள்ளே சனம் நிரம்பிவிட்டது. தீவுப் பக்கத்திலிருந்து வந்த வள்ளச் சனம், தோளில் பிள்ளை, தலையில் பானை. வெளியே வெயில் மணலில் கொதித்தது. வேறு நிழல் இல்லை.

சுவாமியை அழைத்தோம். அவர் கேட்டது சரியான கேள்வி. “சுவர் விழுமோ, ஓவசியர்?”

“தெரியாது, சுவாமி.”

“தெரியாமல் நாப்பது குடும்பத்தை வெயிலிலை இறக்கச் சொல்லுறீரோ?”

“தெரிஞ்சால் கேக்கமாட்டன், சுவாமி. நானே இறக்கிப் போடுவன். தெரியாததாலைதான் கேக்கிறன். பூச்சைச் சுரண்டிச் சாட்சியைப் பாத்தால் தெரியும்.”

உள்ளே இருந்த ஆண்கள் இதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். கீழறையை விட்டுப் போனால் மற்றக் கரைக்காரர் சிரிப்பார்கள் என்பது ஒரு பக்கம். நேர்த்திக்கடனுக்குப் பூசிய வெள்ளையைத் திருநாளுக்கு முதல் நாள் சுரண்டுவதா என்பது இன்னொரு பக்கம். ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “மேசனார், உங்கடை கோவில் தேருக்குக் கட்டின சீலையைத் தேரண்டு காலமை உரிஞ்சு பாப்பியளோ?” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறொரு நாளாக இருந்தால்.

அப்போதுதான் திரேசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சுவரில் முதுகை ஒட்டினார். அவருடைய கதையைச் சுவாமி என் காதில் இரண்டு வசனத்தில் சொன்னார். புருசன் இல்லை, ஒரே மகன். சோளகம் தொடங்கிய நாட்களில் அவனுடைய வள்ளம் இழுபட்டுப் போய் நான்காம் நாள் வந்தது. கண் தெரியாமல் தண்டு போட்டவனுக்கு விடியப்புறம் முதலில் தெரிந்தது இந்தச் சுவராம். அந்த நேர்த்திக்கு ஒரு பெண் தனியாக, ஏணியில் ஏறி, நான்கு நாள் பூசியிருக்கிறார். உதவிக்கு வந்தவர்களைக் கிட்ட விடவில்லை.

நான் இதன் தொடக்கத்தில் எழுதிய வார்த்தைகளை அப்போதுதான் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

ஓவசியர்தான் முன்னுக்குப் போனார். சுவரைக் கும்பிடுகிறவர் மாதிரி மெதுவாக, திரேசம்மாவுக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் குந்தினார்.

“நல்ல பூச்சு, அம்மா. எத்தினை தரம்?”

“மூண்டு.”

“தேங்காய்ப் பொச்சு மட்டையாலையோ?”

“ஓம். மட்டையை நானே தட்டினனான்.”

“எங்கையும் கை தடக்கினதோ?”

அவர் யோசித்தார். கோபமாக இருந்தாலும் தன் வேலையைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் பதில் வந்துவிடும். “தடக்கினது. உந்த வாசலுக்கு மேலை, சரிவா, அஞ்சு இடத்திலை புடைச்சுக்கொண்டு நிண்டது. ஆரோ அரைகுறை மேசன் அப்பிவிட்டவன். எனக்கு அது வடிவில்லாமல் கிடந்தது. அதிலை மட்டும் ரண்டு பூச்சுக் கூடப் போட்டன்.”

அரைகுறை மேசனான நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இந்த வாசலடியைக் கூட்டினதும் நீங்களோ?” என்றார் ஓவசியர்.

“பின்னை ஆர்? சுவரைப் பூசிப்போட்டு அடியிலை மண்ணை விடுறதோ?”

“எவ்வளவு மண், அம்மா?”

“முதல் நாள் கொஞ்சம். ஒரு கைப்பிடிக்கு மேலை இல்லை.”

“பேந்து?”

“அடுத்த நாள் ஒரு சுளகு. முந்தநாள் அரைக் கடகம் இருக்கும்.” கடகம் என்றால் பனையோலையில் இழைத்த பெரிய கூடை, எங்கள் பெண்கள் மண்ணும் மீனும் சுமப்பது. “நேற்று…” என்று தொடங்கினார். நிறுத்தினார்.

ஓவசியர் அவரை அவசரப்படுத்தவில்லை. தலையை உயர்த்தியும் பார்க்கவில்லை. சோளகம் சுவரில் அடித்து எங்கள் எல்லோருடைய வேட்டியையும் இழுத்தது. உள்ளே ஒரு குழந்தை அழுதது, யாரோ தாலாட்டினார்கள்.

“நேற்று ஒரு கடகம்” என்றார் திரேசம்மா. “இண்டைக்குக் காலமை… இண்டைக்கு ரண்டு.”

“எங்கை கொட்டினீங்கள்?”

கையால் காட்டினார். வேலியோரத்தில் ஒரு மண் கும்பம், ஆட்டுக்குட்டி ஒன்று அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. சிப்பியும் முருகையும் வெயிலில் பளபளத்தன. அவ்வளவும் இரண்டு சுவருக்கும் நடுவில் இருந்தது. அவ்வளவும் இப்போது நடுவில் இல்லை.

நான் ஓவசியரைப் பார்த்தேன், ஓவசியர் சுவாமியைப் பார்த்தார். சுவாமியின் உதடு அசைந்தது, செபமோ வேறெதுவோ. ஆனால் ஆண்கள் அசையவில்லை. தேர்ச்சீலை கேட்டவர் மறுபடியும் சொன்னார்: “மண் எங்கையும் உதிரும். பறங்கியின்ரை வீடு, பீரங்கிக்கும் நிண்டது.” இரண்டு மூன்று பேர் ஓம் ஓம் என்றார்கள். கரை மானம் என்று ஒன்று கிளம்பிவிட்டால் சுவாமி சொன்னாலும் கேட்காது. ஒவ்வொரு நிமிடமும் எனக்கு முள்ளாகக் குத்தியது. உள்ளே ஓடிப்போய்க் கத்தலாமா என்று நினைத்தேன். சைவக்கார மேசன் கத்தினால் யார் எழும்புவார்கள்? பாயைத் திருப்பிப் போட்டுப் படுப்பார்கள்.

திரேசம்மா சுவரிலிருந்து முதுகை எடுத்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். சாந்தகப்பையைக் கொடுத்தேன். அதைப் பார்த்துத் தலையசைத்து, திருப்பித் தந்துவிட்டார். அதுவும் சரிதான். இரும்பால் சுரண்டினால் மெல்லிய பட்டி எங்கள் கையாலேயே வெடித்துவிடும், பிறகு சாட்சி பொய்ச்சாட்சி ஆகிவிடும். அந்த அறிவு எனக்கு இருந்திருக்க வேண்டும். அவருக்கு இருந்தது. பக்கத்தில் கிடந்த பூச்சு மட்டையை எடுத்தார், வாளித் தண்ணீரில் தோய்த்தார், ஏணியை இழுத்து வைத்தார். நாங்கள் ஏணியைப் பிடிக்கப் போனோம், விட்டார்.

“ஆத்தை, அது நேத்தி” என்றான் ஒரு பெடியன். அவருடைய மகன் என்று பிறகு அறிந்தேன்.

“நேந்தது நானடா” என்றார், திரும்பாமல்.

தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி நனைத்தார். காய்ந்தும் காயாத சுண்ணாம்பு பாலாக வழிந்து அவர் முழங்கையால் ஒழுகியது. புண்ணில் பட்டிருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஐந்து பூச்சும் போனபின் என் பட்டி தெரிந்தது. வடிவாக மட்டம் தட்டிய பட்டி. நடுவால் இரண்டாகப் பிளந்து, மேல்பாதி கீழ்ப்பாதியைவிட வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. திரேசம்மா அந்தப் பிளவில் சுட்டுவிரல் நகத்தை வைத்தார். நகம் போனது. விரலும் பாதி போனது.

இறங்கினார். இரண்டாவது சாட்சியைப் பார்க்கவில்லை. மட்டையை வாளிக்குள் போட்டார், ஈரக்கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார், மறித்து நின்ற ஆண்களுக்கு நடுவால் குனிந்து கீழறைக்குள் போனார். உள்ளே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பாயில் ஆறேழு மாதக் குழந்தை ஒன்று நித்திரையாகக் கிடந்தது. யாருடைய பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வெயிலில், பனங்கூடல் பக்கமாக விறுவிறென்று நடந்தார். தாய்க்காரி “எங்கை கொண்டு போறாய் என்ரை பிள்ளையை” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய தமக்கை ஓடினாள், அவர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க அறை முழுக்க எழும்பி ஓடியது. மறுநாள் பூசை நேரத்தில் சுவர் விழும்போது உள்ளே ஒருவரும் இருக்கவில்லை. திரேசம்மா திரும்பிப் பார்க்கவில்லை, நடையைக் கூட்டினார்.